குணமறிந்து கால்கோள்: மண் சோதனையின் வரலாறும் திருவள்ளூர் மண்ணும்

ஒரு கைப்பிடி மண்ணைக் கொண்டு, அதன்மேல் எழப்போகும் கட்டடத்தின் கதியை முன்கூட்டியே சொல்ல இயலுமா? 'ஓரளவுக்கு இயலும்' என்பதே பொறியியலார் தரும் விடை. அந்த 'ஓரளவு' என்பது எவ்வளவு, அதனை மாந்தர் எவ்வாறு கண்டடைந்தனர், அதன் எல்லையை மறந்தால் நேர்வது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தமிழ் பயிற்றும் நமக்கு மண் சோதனைக் கூடத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். திருவள்ளூர் மாவட்டத்தில் வாழ்வோர்க்கு அவ்வினா எழாது. 1997ஆம் ஆண்டு பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை ஆகிய சிப்காட் தொழிற்பேட்டைகளும் அவற்றைச் சூழ்ந்த கிடங்குகளும் ஏரிக்கரை வரையில் வந்துவிட்டன. ஆலைக்கு வேலைக்கு வந்தவர் மனை வாங்குகிறார். மனை வாங்கியவர் வீடு எடுக்கிறார். ஆலையின் அடித்தளத்துக்கு மண் சோதனை அறிக்கை ஒன்று இருக்கும். ஆலைத் தொழிலாளியின் வீட்டு அடித்தளத்துக்குப் பெரும்பாலும் கொத்தனாரின் அனுபவமே துணை. அந்த அனுபவத்தின் பெருமையையும் போதாமையையும் விளங்கிக்கொள்ள, வரலாற்றின் வழியே செல்வதுதான் முறை.

முன்னோர் செய்த சோதனைகள்

மண்ணை வகைப்படுத்தும் சொற்கள் தமிழில் மிகத் தொன்மையானவை. வன்பால், மென்பால் என நிலத்தைப் பிரித்துப் பேசும் வழக்கம் புறநானூற்றிலேயே உண்டு. களர், உவர், வண்டல், களி, கரம்பை, சரளை, சுக்கான் என்னும் சொற்கள் இன்றும் உழவர் நாவில் வழங்குகின்றன. திருவள்ளூர்ப் பகுதியில் ஏரியிலிருந்து அள்ளி மனையை மேடாக்கப் பயன்படும் மண்ணுக்குச் 'சவுடு' என்று பெயர். செங்குன்றம் என்னும் ஊர்ப்பெயர் அவ்வூர் மண்ணின் நிறத்தைச் சொல்லிவிடுகிறது. மணலி என்னும் பெயர் மணலை நினைவூட்டுகிறது.

சொல்லோடு நில்லாமல் அளவையும் நம் முன்னோர் கருதியிருக்கின்றனர். திருக்குறளின் 'உழவு' அதிகாரத்தில் ஒரு செய்தி வருகிறது. ஒரு பலம் புழுதி காற்பலம் ஆகுமாறு உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் விளையும் என்கிறார் வள்ளுவர். இன்றைய சோதனைக் கூடத்தில் முதலில் செய்யப்படுவதும் இதுவே. ஈரமண்ணை நிறுப்பர், 105 முதல் 110 செல்சியசு வெப்பமுள்ள அடுப்பில் ஒருநாள் உலர்த்தி மீண்டும் நிறுப்பர், போன நீரின் எடையை உலர்ந்த மண்ணின் எடையால் வகுத்து நூற்றுவீதமாகச் சொல்வர். அதற்கு நீரளவு என்று பெயர். வள்ளுவர் கணக்கை அப்படியே இக்கோவையில் இட்டால் நீரளவு நூற்றுக்கு 300 என வரும். உழுத வயலில் அவ்வளவு நீர் இராது. எனவே 'நன்கு உலர்தல்' என்பதை வலியுறுத்தக் கூறிய அளவாகவே அதனைக் கொள்ளவேண்டும். ஆயினும் மண்ணின் ஈரத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் எடையால் பேசவேண்டும் என்ற எண்ணம் அங்கே இருக்கிறது என்பதை நாம் மறுக்க இயலாது.

கட்டடத்துக்கான சோதனையைச் சிற்ப நூல்கள் கூறுகின்றன. கி.பி. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்கிதையில் ஒரு குழிச் சோதனை விளக்கப்படுகிறது. ஒரு முழ அளவில் குழி தோண்டி, தோண்டிய மண்ணையே திரும்ப இட்டு நிரப்பவேண்டும். மண் மிஞ்சினால் நிலம் உத்தமம், சரியாக இருந்தால் மத்திமம், குறைந்தால் ஆகாது. அல்லது குழியில் நீர் நிரப்பி, நூறு அடி நடந்து திரும்பி வந்து, நீர் குறையாதிருக்கிறதா என்று காணவேண்டும். தென்னாட்டுச் சிற்ப நூலாகிய மயமதமும் நிலத்தேர்வுக்கு இவ்வகைக் குழிச் சோதனையைச் சொல்கிறது.

இதனைச் சகுனம் என ஒதுக்குவோர் உளர். பொறியியல் நோக்கில் காணின் அதில் பொருள் உண்டு. இறுகிய மண்ணைத் தோண்டினால் அது தளர்ந்து பருமனில் பெருகும்; ஆகவே திரும்ப இடும்போது மிஞ்சும். இடையிடையே வெற்றிடங்கள் நிறைந்த தளர்ந்த மண்ணோ, தோண்டிப் போட்டு மிதித்தால் முன்னினும் குறைந்த இடத்தையே கொள்ளும். இஃது அடர்த்திச் சோதனை. நீர் இறங்கும் விரைவைக் காண்பது ஊடுருவுதிறன் சோதனை. எளிய ஒரு செயலைச் செய்து, நேரில் அளக்க முடியாத ஒரு குணத்தை ஊகித்தல் என்னும் முறை இங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆனால் குழியின் ஆழம் ஒரு முழம். கட்டடத்தின் பாரமோ அதனினும் பன்மடங்கு ஆழத்துக்கு இறங்கும். ஒரு முழத்துக்குக் கீழே என்ன கிடக்கிறது என்பதை அச்சோதனை சொல்லாது.

கல்லணை இந்த அறிவின் மற்றொரு சான்று. ஆழங்காண முடியாத ஆற்றுமணலில் அடித்தளம் நிறுத்தும் வித்தையை இந்நாட்டு மக்களிடமிருந்தே கற்றதாக ஆர்தர் காட்டன் எழுதியிருக்கிறார். 1836ஆம் ஆண்டு கொள்ளிடத் தலைப்பில் மேலணை எழுந்ததும், பின்னர்க் கோதாவரியில் தவளேசுவரம் அணை எழுந்ததும் அக்கல்விக்குப் பின்னரே. எனினும் நம்மவர் அறிவு செய்கையாக நின்றதேயன்றி எண்ணாக மாறவில்லை. ஒருவர் கண்ட பட்டறிவு வேறோர் ஊரில் வேறொருவர்க்குப் பயன்பட வேண்டுமெனில், அஃது எண்ணாக மாறவேண்டும். அந்த மாற்றம் நிகழ்ந்தது சுவீடன் நாட்டில்.

வேளாண் வேதியியலாரின் களிமண் திரி

ஆல்பர்ட் அட்டர்பெர்க் (1846 - 1916) கட்டடப் பொறியியலார் அல்லர், வேதியியலார். சுவீடனின் கால்மார் நகரில் வேளாண்மைக்கான வேதியியல் ஆய்வு நிலையத்தின் தலைவராக இருந்தவர். எந்த வயல் மண் களி, எது வண்டல் என்று உழவர்க்குச் சொல்வது அவர் பணி. துகளின் பருமனைக் கொண்டு மட்டும் களிமண்ணின் தன்மையைச் சொல்ல முடியாது என்பதை அவர் கண்டார். அரைத்துப் பொடித்த கல்மாவும் களிமண்ணும் ஒரே நுண்மையுடையனவாக இருக்கலாம். ஆனால் நீர் சேர்த்தால் களி குழையும், கல்மா குழையாது.

எனவே நீரின் அளவுக்கேற்ப மண் அடையும் நிலைகளை வரையறுத்து 1911ஆம் ஆண்டில் வெளியிட்டார். நீர் மிகுந்தால் மண் கூழாக ஓடும். சற்றுக் குறைந்தால் பிசைந்த மாவைப்போல் குழையும். மேலும் குறைந்தால் உதிரும். பின்னர்க் கட்டியாக இறுகும். ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாறும் நீரளவுகளே எல்லைகள். கூழ்நிலைக்கும் குழைநிலைக்கும் இடைப்பட்டது நீர்ம எல்லை. குழைநிலைக்கும் உதிர்நிலைக்கும் இடைப்பட்டது குழைம எல்லை. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் கிடைப்பது குழைமக் குறியெண். சோதனைக் கூடங்களில் இவற்றை லிக்விட் லிமிட், பிளாஸ்டிக் லிமிட், பி.ஐ. என்றே வழங்குவர்.

குழைம எல்லையைக் காணும் முறை நம் குயவர்க்கும் செங்கல் சூளையில் மண் பிசைவோர்க்கும் புதிதன்று. மண்ணைக் கண்ணாடிப் பலகைமேல் உள்ளங்கையால் உருட்டித் திரியாக்கவேண்டும். திரி 3 மில்லிமீட்டர் தடிப்பை அடையும்போது வெடித்து உதிரத் தொடங்கினால், அப்போது மண்ணிலுள்ள நீரளவே குழைம எல்லை. நூறாண்டுகளுக்கு மேலாகியும் உலகெங்கும் இது கையால்தான் செய்யப்படுகிறது என்பது வியப்புக்குரியது. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் மண்ணை உருட்டிப் பார்த்துத் 'தேறும்', 'தேறாது' எனச் சொல்லும் தொழிலாளி செய்வதும் ஏறத்தாழ இதுவே. அவர் தீர்ப்புச் சொல்வதோடு நிற்கிறார்; அட்டர்பெர்க் அத்தீர்ப்பை எண்ணாக எழுதிவைத்தார். அந்த எண் கடல் கடந்தது.

வேளாண்மையிலிருந்து அடித்தளத்துக்கு

அட்டர்பெர்க்கின் எல்லைகளைக் கட்டடக் கலைக்குக் கொணர்ந்தவர் கார்ல் தெர்சாகி. 1883இல் பிராகா நகரில் பிறந்த இவர், முதல் உலகப்போர்க் காலத்தில் இசுதான்புல் நகரில் ஆசிரியராகப் பணியாற்றியபோது, கையில் கிடைத்த எளிய கருவிகளைக் கொண்டு களிமண்ணை அழுத்தி ஆராய்ந்தார். களிமண்மீது பாரம் ஏற்றினால் அப்பாரத்தை முதலில் தாங்குவது துகள்களுக்கிடையிலுள்ள நீர். அந்நீர் மெல்லக் கசிந்து வெளியேற, பாரம் துகள்களின்மேல் இறங்குகிறது; மண் அமுங்குகிறது. கட்டடம் ஒரே நாளில் இறங்காமல் பல ஆண்டுகளாக இறங்கிக்கொண்டே இருப்பதன் காரணம் இதுதான். 1925ஆம் ஆண்டு வெளிவந்த அவரது செர்மானிய நூல் மண் இயக்கவியல் என்னும் துறைக்கே கால்கோள் ஆயிற்று.

அவரோடு பணியாற்றிய ஆர்தர் காசகிராண்டே, நீர்ம எல்லையைக் காணும் கருவியை 1932இல் ஒழுங்குபடுத்தினார். பித்தளைக் கிண்ணத்தில் மண்குழம்பை இட்டு, நடுவே ஒரு கோடு கீறி, கைப்பிடியைச் சுழற்றினால் கிண்ணம் 10 மில்லிமீட்டர் உயர்ந்து உயர்ந்து விழும். 25 தட்டுகளில் கோடு மூடிக்கொண்டால், அந்நீரளவே நீர்ம எல்லை. பின்னர் அவர் நீர்ம எல்லையைக் கிடையாகவும் குழைமக் குறியெண்ணைச் செங்குத்தாகவும் கொண்ட வரைபடம் ஒன்றை அமைத்தார். அதில் சாய்வாகச் செல்லும் 'ஏ' கோட்டுக்கு மேலே விழுந்தால் களி. கீழே விழுந்தால் வண்டல் அல்லது மக்குப்பொருள் கலந்த மண். நீர்ம எல்லையிலிருந்து 20ஐக் கழித்து 0.73ஆல் பெருக்கினால் அக்கோட்டின் உயரம் கிடைக்கும். இரண்டே எண்களால் ஒரு மண்ணுக்கு முகவரி அளித்த வரைபடம் அது.

அடுத்த படி முகவரியிலிருந்து குணத்தை ஊகிப்பது. களிமண் எவ்வளவு அமுங்கும் என்பதை நேரே அறிய, குலையாத மண் மாதிரியை எடுத்து, பல நாட்கள் பாரமேற்றி அளக்கவேண்டும். காலமும் செலவும் மிகுதி. 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தின் இசுகெம்ப்டன், அமுக்கக் குறியெண்ணுக்கும் நீர்ம எல்லைக்கும் நேர்த்தொடர்பு உண்டு எனக் காட்டினார். 1948இல் தெர்சாகியும் பெக்கும் தம் நூலில் அதனைச் சற்றே மாற்றி, இயற்கைக் களிக்கு உரியதாக்கினர்: நீர்ம எல்லையிலிருந்து 10ஐக் கழித்து 0.009ஆல் பெருக்குக. சில மணி நேரத்தில் முடியும் சோதனையிலிருந்து பல நாள் சோதனையின் விடையை ஊகிக்கும் வழி இவ்வாறு பிறந்தது.

ஒரு கணக்கு

வாசகர்க்கு இது தெளிவாதற்பொருட்டுக் கற்பனையான ஒரு களிமண்ணை எடுத்துக்கொள்வோம். நீர்ம எல்லை 60. குழைம எல்லை 25. ஆகவே குழைமக் குறியெண் 35. 'ஏ' கோட்டின் உயரம் 40ஐ 0.73ஆல் பெருக்க 29.2. நம் 35 அதற்கு மேலே நிற்பதால் இது மிகுகுழைமக் களி. அமுக்கக் குறியெண் 50ஐ 0.009ஆல் பெருக்க 0.45.

இம்மண் நிலத்தடி நீரில் ஊறிக்கிடக்கும் 3 மீட்டர் தடிப்புள்ள படுகை எனவும், இயற்கை நீரளவு 44 எனவும் கொள்வோம். திடப்பொருளின் பருமன் ஒன்று எனில் வெற்றிடத்தின் பருமன் ஏறத்தாழ 1.2 என வரும். படுகையின் நடுவே இப்போதுள்ள அழுத்தம் 50 கிலோபாசுகல். மனையை மேடாக்கிக் கட்டடமும் எழுப்புவதால் அது 100 ஆகிறது என்க. முன்னர் இதைவிட மிகுந்த பாரத்தைச் சுமந்திராத மண் எனில், தெர்சாகியின் கோவைப்படி அப்படுகை ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் அமுங்கும். ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவு. வீடு முழுவதும் ஒரே சீராக இறங்கினாலும் வாசற்படியும் குழாய்களும் பழுதாகும். ஒருபுறம் இறங்கி மறுபுறம் நின்றால் சுவர் பிளக்கும்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த டி.எசு. நாகராசும் பி.ஆர். சீனிவாசமூர்த்தியும் 1980களில் வேறொரு கோவையைத் தந்தனர். மண் நீர்ம எல்லையில் இருக்கும்போதுள்ள வெற்றிட விகிதத்தை 0.2343ஆல் பெருக்கவேண்டும் என்பது அது. நம் மண்ணுக்கு அவ்விகிதம் 1.62; அமுக்கக் குறியெண் 0.38, அமுங்கல் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். கோவைகள் இரண்டு; விடைகளும் இரண்டு. அளந்து பார்த்தால் மூன்றாவது ஒரு விடை வரக்கூடும். ஆனால் 16 எனினும் 18 எனினும், 'இம்மனையில் சாதாரண அடித்தளம் ஆகாது, மேற்கொண்டு ஆராய்க' என்னும் எச்சரிக்கை ஒன்றே. ஊகத்தின் பயன் இதுதான். ஊகத்தின் எல்லையும் இதுதான்.

கோவை எதுவும் இன்றியே உணரத்தக்க ஒரு குறிப்பும் உண்டு. நிலத்தில் உள்ளபடியே மண்ணின் நீரளவு குழைம எல்லையை ஒட்டியிருந்தால் மண் உறுதியானது. நீர்ம எல்லையை ஒட்டியிருந்தால் மென்மையானது. அதனையும் மீறியிருந்தால் பேரிடர். நார்வே நாட்டின் ரிசா என்னும் ஊரில் 1978ஆம் ஆண்டு வயல்களும் வீடுகளும் நிலத்தோடு வழுக்கி ஏரிக்குள் சென்றன. அங்கிருந்தது கடல்நீரில் படிந்து பின்னர் நன்னீரால் உப்புக் கழுவப்பட்ட களி. அத்தகைய களியில் இயற்கை நீரளவு நீர்ம எல்லையைக் கடந்து நிற்கும், குலுக்கினால் கூழாகிவிடும்.

நம் நாட்டு மண்ணும் மண்ணெண்ணெயும்

விடுதலைக்குப் பின் இத்துறை இந்தியாவில் வேரூன்றிற்று. மண்ணை வகைப்படுத்தும் இந்தியத் தரநிலை ஐ.எசு. 1498, 1959இல் வெளிவந்து 1970இல் திருத்தப்பட்டது. சோதனை முறைகளைக் கூறும் ஐ.எசு. 2720 நாற்பதுக்கும் மேற்பட்ட பகுதிகளாக விரிந்தது. காசகிராண்டே நீர்ம எல்லை 50ஐ வைத்துக் குறைகுழைமம், மிகுகுழைமம் என இரண்டாகப் பிரித்திருக்க, நம் தரநிலை 35க்கும் 50க்கும் இடையே 'இடைக்குழைமம்' என ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. இந்நாட்டு மண்ணைக் கண்டு செய்த மாற்றம் அது.

நம் நாட்டின் பெருஞ்சிக்கல் அமுங்கும் மண்ணைக் காட்டிலும் ஊதும் மண். கரிசல் முதலான களிகள் மழையில் பருத்துக் கோடையில் சுருங்கும். இரண்டு மாடிக் கட்டடத்தைக் காட்டிலும் எடை குறைந்த ஒற்றை மாடி வீட்டை அது எளிதில் தூக்கிவிடும். மதில், கழிவறை, திண்ணை போன்றவை முதலில் வெடிப்பது இதனால்தான். இதனை அறிய மிக எளிய சோதனை ஒன்று உண்டு. உலர்த்திச் சலித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குப்பிகளில் இடவேண்டும். ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி ஒருநாள் விடவேண்டும். மண்ணெண்ணெயில் களி பருக்காது; நீரில் பருக்கும். இரண்டின் வேறுபாட்டை மண்ணெண்ணெய்ப் பருமனால் வகுத்து நூற்றுவீதமாக்கினால் தடையற்ற வீக்கக் குறியெண் கிடைக்கும். ஐ.எசு. 1498இன்படி 50க்குக் கீழ் என்றால் வீக்கம் குறைவு. 50 முதல் 100 வரை நடுத்தரம். 100க்கு மேல் மிகுதி. 200க்கு மேல் மிகமிக மிகுதி.

இச்சோதனைக்கும் விலக்கு உண்டு. கயோலின் வகைக் களி நீரில் உள்ளதைக் காட்டிலும் மண்ணெண்ணெயில் மிகுந்த இடத்தைக் கொள்வதால் விடை சுழிக்குக் கீழே போய்விடுகிறது. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ஏ. சிறீதரனும் அவருடன் பணியாற்றியோரும் இதனைச் சுட்டிக்காட்டி மாற்றளவைகளை முன்வைத்தனர். ஊதும் மண்ணுக்கு உரிய அடித்தளத்தை உரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிற்று. கையால் துளையிட்டு, அடியில் குடம்போல் அகழ்ந்து, கம்பியும் கான்கிரீட்டும் இட்டு நிறுத்தும் அகலடித் தூண்கள் அவை. பருவந்தோறும் ஈரம் மாறும் மேல்மண்ணைக் கடந்து, ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழத்தில் அசையாத மண்ணில் அவை வேர்பிடிக்கின்றன.

திருவள்ளூர் மண்ணின் பல முகங்கள்

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். இதன் மண் ஒரே தன்மையதன்று. மேற்கே திருத்தணிப் பக்கம் பழம்பாறையும் அதன் சிதைவான சரளையும். நடுவே பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கம் கோண்டுவானாக் காலத்து மணற்கல்லும் களிப்பாறையும். செங்குன்றத்தில் செம்புரைக்கல். கொசத்தலையாறும் ஆரணியாறும் படியவைத்த வண்டல் அவற்றின் கரைகளில். கிழக்கே எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரையில் கடல்மணலும் உப்பங்கழியின் மென்களியும். மேற்கிலிருந்து கிழக்கே ஒருநாள் பயணத்தில் இத்தனையையும் கடந்துவிடலாம்.

இம்மண்ணை அடுக்கடுக்காக வாசிக்கும் கலை இங்குப் பழையது. பூண்டியை அடுத்த அதிரம்பாக்கத்தில் 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூசு பூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டனர். சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் அங்கு அகழ்ந்து, களிமண் அடுக்கினுள் கிடந்த கைக்கோடரிகளின் தொன்மை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என 2011இல் வெளியிட்டனர். ஒரு குழியின் சுவரில் செம்மண்ணும் சரளையும் களியும் மேலிருந்து கீழாக எவ்வாறு மாறுகின்றன என்று தொல்லியலார் காண்கின்றனர். அடித்தளப் பொறியியலார் காண்பதும் அதுவே. இருவர்க்கும் ஒரு பாடம் பொது: மேலே நிற்பவன் கீழே கிடப்பதை அறியான்.

இவ்வளவு வேறுபட்ட மண்ணுக்கு ஒரே கோவையை இட இயலாது. மேலே சொன்ன கோவைகள் எவையும் இயற்கை விதிகள் அல்ல. குறிப்பிட்ட ஊர்களின் மண்ணை அளந்து, புள்ளிகளின் நடுவே வரைந்த கோடுகள். குளிர்நாட்டுக் களியில் வரைந்த கோடு செங்குன்றத்துச் செம்புரை மண்ணுக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை. செம்புரை மண்ணில் இரும்பு ஆக்சைடு துகள்களை ஒட்டவைத்திருக்கும். அதனை அடுப்பில் உலர்த்திவிட்டுச் சோதித்தால் நீர்ம எல்லை குறைந்து காணும். நெடுநேரம் பிசைந்தால் கூடிக் காணும். கடற்கழிக் களியும் உலர்த்தினால் தன் இயல்பை இழக்கும். மேற்கே இறுகிய பழங்களியோ, ஒருகாலத்தில் பெரும்பாரத்தைச் சுமந்து பின்னர் விடுபட்டது. அது கோவை சொல்வதைக் காட்டிலும் மிகக் குறைவாகவே அமுங்கும். நீர்ம எல்லை என்பது குலைத்துப் பிசைந்த மண்ணின் குணம். நிலத்தில் கிடக்கும் மண்ணுக்கு அமைப்பும் வரலாறும் உண்டு. பிசைந்த மண் தன் வரலாற்றை மறந்துவிடுகிறது. அதனால்தான் ஊகத்தை உறுதிசெய்யக் குலையாத மாதிரியும், துளையிட்டு 63.5 கிலோ சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழச்செய்து தட்டுகளை எண்ணும் களச் சோதனையும் வேண்டப்படுகின்றன.

இவற்றோடு மனிதன் ஆக்கிய மண்ணும் சேர்ந்துகொண்டது. பள்ளத்தைச் சவுடு இட்டு மேடாக்கிய மனைகள், தூர்ந்த தாங்கல்கள், இடிபாடு கொட்டிய குழிகள் ஆகியவை தொழிற்பேட்டைகளைச் சுற்றிப் பெருகியுள்ளன. அமெரிக்கரான பிராக்டர் 1933இலேயே, நிரப்பும் மண்ணை உரிய ஈரத்தில் அடுக்கடுக்காக இட்டு உருளையால் இறுக்கவேண்டும் என அளந்து காட்டினார். அணைக்கரைக்கும் நெடுஞ்சாலைக்கும் இவ்விதி பின்பற்றப்படுகிறது. வீட்டுமனைக்கு லாரியில் கொட்டிப் பரப்புவதோடு பணி முடிகிறது. கொட்டிய மண்ணின் எடையும் அடியிலுள்ள களிக்கு ஒரு பாரமே என்பதை எவரும் கணக்கில் கொள்வதில்லை. நாம் மேலே செய்த கணக்கில் மேடாக்கும் மண்ணையும் சேர்த்தது இதன்பொருட்டே. ஒரு மீட்டர் உயரத்துக்கு இட்ட மண் ஏறத்தாழ ஒரு மாடியின் பாரத்தைத் தானே தந்துவிடும்.

எதற்காக இதனைச் சொல்கிறோம்?

2014ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டி முடியாத 11 மாடிக் கட்டடம் மழைநாளில் சரிந்து 61 பேர் மாண்டனர். அடுத்த வாரமே நம் மாவட்டத்தில், செங்குன்றம் பக்கம், ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் மழையில் சாய்ந்து அதன் அருகே குடிசைகளில் உறங்கிய தொழிலாளர் 11 பேர் மாண்டனர். இவற்றின் காரணங்களைத் தீர்ப்பாகச் சொல்லுதல் நம் பணியன்று. கட்டுமானம் பல கண்ணிகள் கொண்ட சங்கிலி. ஆனால் இரண்டிலும் மாண்டவர் அக்கட்டடத்தின் உடைமையாளர் அல்லர். பிழைக்க வந்த உழைப்பாளிகள். மண்ணைக் கேளாமல் கட்டுவதன் விலையைப் பெரும்பாலும் வேறொருவரே கொடுக்கிறார் என்பதை இத்துயரங்களோடு சேர்த்து எண்ணாமலிருக்க இயலவில்லை.

எளிய வீடு கட்டுவோர் செய்யத்தக்கன மூன்று உண்டு. முதலாவது, அடித்தளம் தோண்டும் ஆழத்தோடு நில்லாமல், வீட்டின் அகலத்தை ஒத்த ஆழம் வரையிலேனும் மண் எவ்வாறு மாறுகிறது என்பதைத் துளையிட்டு அறிதல். பக்கத்து மனையில் அண்மையில் துளையிட்டிருந்தால் அவ்வறிக்கையைக் கேட்டுக் காணலாம். ஆயின் அது துணையேயன்றி மாற்றாகாது. இரண்டாவது, ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு கைப்பிடி எடுத்து நீரளவு, நீர்ம எல்லை, குழைம எல்லை, வீக்கக் குறியெண் ஆகிய நான்கையும் அருகிலுள்ள பொறியியல் கல்லூரி அல்லது பாலிடெக்னிக்கின் கூடத்தில் அறிதல். இச்சோதனைகள் ஓரிரு நாட்களில் முடிபவை. மொத்தக் கட்டுமானச் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறு தொகை. மூன்றாவது, எண்கள் அச்சுறுத்தினால் அங்கேயே நின்று, மேற்சோதனை செய்து, தகுதியுள்ள பொறியாளரின் சொற்படி அடித்தளத்தை மாற்றுதல். எண்கள் அச்சுறுத்தாவிடினும் அவற்றை உறுதிச்சீட்டாகக் கொள்ளாதிருத்தல்.

இம்மூன்றாவதே கடினமானது. எளிய சோதனையின் விடை கையில் கிடைத்ததும், அதனைக் கோவையில் இட்டு வந்த எண்ணை அளந்த எண்ணாகவே கருதிவிடும் பழக்கம் பொறியியல் பயின்றோரிடமும் உண்டு. அறிக்கையில் இரண்டு தசம இடங்களோடு அச்சிட்டுவிட்டால் ஊகமும் உண்மைபோல் தோன்றும். இலக்கிய மாணவர்க்கு இது பழகிய சிக்கல். ஒரு பாட்டின் சொற்களைக் கொண்டு புலவரின் காலத்தை ஊகிக்கிறோம், ஊகம் பயனுள்ளதே. கல்வெட்டு ஒன்று கிடைக்கும்போது அவ்வூகத்தை அதனோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் பணிவு இருக்கும்வரை அது அறிவு. அப்பணிவு நீங்கினால் பிடிவாதம். மண்ணிலும் அவ்வாறே. நீர்ம எல்லை நமக்குக் கிடைக்கும் இலக்கியச் சான்று. துளையிட்டு எடுத்த குலையாத மாதிரி கல்வெட்டு.

சுவீடனின் வேளாண் வேதியியலார் உழவர்க்காகக் கண்ட எல்லைகள், நூறாண்டு கடந்து கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலையின் அடித்தளத்தைத் தீர்மானிக்கின்றன. அவ்வறிவு ஆலையின் மதிலோடு நின்றுவிடாமல், மதிலுக்கு வெளியே மூன்று சென்ட் மனையில் வீடு எடுப்பவர்க்கும் சேரவேண்டும். ஊராட்சி அளவில், இதுவரை அவ்வூரில் செய்யப்பட்ட மண் சோதனைகளின் விடைகளைத் தொகுத்துப் பொதுவில் வைத்தாலே பாதிப் பணி முடிந்துவிடும். பொறியியல் கல்லூரிகள் நிறைந்த இம்மாவட்டத்தில் மாணவர்களைக் கொண்டு இதனைச் செய்தல் அரிதன்று. இதில் நாட்டமுள்ள ஆசிரிய நண்பர்கள் தத்தம் ஊரிலிருந்தே தொடங்கலாம். நம்மாலான உதவியைச் செய்ய நாமும் அணியமாக உள்ளோம்.